தை மாசமே புல்லை எண்ணிடுங்க: மேய்ச்சல் காட்டுக்கும் ஒரு பட்ஜெட் வேணும்



நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., டெர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு தலைப்பு கொஞ்சம் வேற: மாடு, புல், மேய்ச்சல் காடு. "சி.ஏ.வுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கலாம். நிறையவே இருக்கு. ஊர்ல அப்பா அம்மா நாலு மாடு வச்சிருக்காங்க, மாசா மாசம் தீவனத்துக்குப் பணம் அனுப்புறோம், ஆனா வரவு எவ்வளவு செலவு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. நம்ம வாசகர்கள்ல இப்படி நிறைய பேர் இருக்கீங்க. வேலையை விட்டுட்டு நாட்டு மாட்டுப் பண்ணை ஆரம்பிக்கலாமான்னு கேட்கிறவங்களும் இருக்கீங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். மாடு வளர்ப்புல பெரிய செலவு தீவனம். அந்தச் செலவு கோடையில கையைக் கடிக்குமா கடிக்காதாங்கிறது சித்திரையில முடிவாகிறதில்லை. மார்கழி, தை பனியிலேயே முடிவாகிடுது. எப்படின்னு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

முதல்ல, கொறங்காடுன்னா என்ன?

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி பக்கம் போயிருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க. சுத்தி முள்கிளுவை உயிர்வேலி, நடுவுல அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்க கொழுக்கட்டைப் புல். இதுதான் கொறங்காடு. வருஷத்துக்கு சுமார் 600 மி.மீ. மழை பெய்யுற வறண்ட பூமியில, பாசனமே இல்லாம காங்கேயம் மாட்டையும் ஆட்டையும் காப்பாத்துற ஏற்பாடு. மத்த ஊர்ல மேய்ச்சல்னா பெரும்பாலும் புறம்போக்கு, இல்லைன்னா அறுவடை முடிஞ்ச வயல். இங்கே மேய்ச்சலுக்குன்னே சொந்த நிலத்துல வேலி போட்டு, காட்டைப் பிரிச்சு, மாத்தி மாத்தி மேய்க்கிறாங்க. அதனாலதான் இன்னைக்கு உதாரணத்துக்கு இதை எடுத்துக்கிட்டேன். உங்க ஊர் வேற மாதிரி இருந்தாலும் கணக்கு போடுற முறை இதேதான்.

இந்தப் புல்லோட வருஷத்தை ஒரு பேங்க் பாஸ்புக் மாதிரி பாருங்க. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மழையில டெபாசிட் விழுது. மார்கழியில பனி இறங்கும், மழை நின்னுடும், கதிர் வந்து விதை உதிரும். அதுக்கப்புறம் அடுத்த நல்ல மழை வரைக்கும் டெபாசிட் கிடையாது. எடுக்க மட்டும்தான் முடியும். மழை போன பிறகு வர்ற பனியை நம்பி புல் பெருசா வளராது. கொழுக்கட்டை வெயில் தேசத்துப் புல். அதுக்கு ஈரமும் வேணும், சூடும் வேணும்.

அதாவது தை 1 அன்னைக்கு காட்டுல நிக்கிற புல்தான் உங்க ரிட்டயர்மென்ட் கார்பஸ். வட்டி கிடையாது, தினமும் வித்டிராயல் உண்டு. போதாக்குறைக்கு, நாள் ஆக ஆக காய்ந்து சத்தும் குறையுது. பணவீக்கம் கார்பஸோட மதிப்பைக் குறைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்படிப்பட்ட கார்பஸை எண்ணிப் பார்க்காம யாராவது செலவு பண்ணுவாங்களா?

ஸ்டெப் 1: புல்லை எடை போடுங்க

ரொம்ப சுலபம். 1 மீட்டருக்கு 1 மீட்டர் சதுரமா கம்பியிலயோ குச்சியிலயோ ஒரு சட்டம் செஞ்சுக்கோங்க. காட்டுக்குள்ள பத்து இடத்துல போடுங்க. நல்லா வளர்ந்த இடம், மொட்டையா இருக்கிற இடம், மரத்தடின்னு கலந்து போடுங்க. நல்ல இடமா பார்த்துப் போட்டா உங்களையே ஏமாத்திக்கிறீங்க. சட்டத்துக்குள்ள இருக்கிற புல்லை அறுத்து, நல்லா காய வச்சு, தராசுல போடுங்க. பத்தையும் கூட்டி பத்தால வகுத்தா சராசரி வந்துடும்.

உதாரணத்துக்கு சதுர மீட்டருக்கு 150 கிராம் காய்ந்த புல்னு வச்சுப்போம். ஒரு ஏக்கர்னா சுமார் 4,047 சதுர மீட்டர். பெருக்கினா ஏக்கருக்கு 600 கிலோ. 12 ஏக்கர் கொறங்காடு இருந்தா 7,200 கிலோ. (இது உதாரணம் மட்டும்தான். உங்க காட்டு எடையை நீங்கதான் அளக்கணும். மழை, மண், போன வருஷம் மேய்ச்ச விதம்னு எல்லாத்தையும் பொறுத்து இது மாறும்.)

ஸ்டெப் 2: பாதி உங்களுது இல்லை

இந்த 7,200 கிலோவையும் மாட்டுக்குக் கொடுக்க முடியாது. பாதி புல்லை நிலத்துல விட்டே ஆகணும். இது ஏதோ தர்மக் கணக்கு இல்லை, புல்லோட உடம்புக் கணக்கு. இலைதான் வேருக்குச் சோறு போடுது. பச்சையா வளர்ற காலத்துல இலையில பாதிக்கு மேல மேய்ஞ்சுட்டா வேர் வளர்ச்சி நிக்க ஆரம்பிக்குது. 80% போயிட்டா பல நாளைக்கு வேர் முழுசா நின்னுடும். அமெரிக்க வேளாண் துறையில கிரைடர்ங்கிற விஞ்ஞானி இதைச் சோதனை பண்ணி 1955லயே வெளியிட்டார்.

புல் காய்ந்த பிறகும் அந்த மீதிக்கு வேலை இருக்கு. தூருக்கு வெயில் படாம மூடும், மண் ஈரத்தைக் காக்கும், முதல் மழைத்தண்ணி மண்ணை அரிச்சுக்கிட்டு ஓடாம தடுக்கும். மழை வந்ததும் துளிர்க்கத் தேவையான சேமிப்பும் அந்தத் தூர்லதான் இருக்கு. ஒட்ட மேய்ஞ்ச காடும், பாதி விட்ட காடும் ஒரே மழைக்கு ஒரே மாதிரி துளிர்க்காது. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நம்ம பாஷையில சொன்னா, மேல் பாதி லாபம், கீழ் பாதி மூலதனம். மூலதனத்தை எடுத்துத் தின்னுட்டு அதை லாபம்னு சொல்லக் கூடாது. ஆக, எடுக்கக் கூடியது 3,600 கிலோ மட்டும்தான்.

ஸ்டெப் 3: மாட்டோட தினச் செலவு

ஒரு மாடு தினமும் அதன் உடல் எடையில சுமார் 2.5% அளவு உலர் தீவனம் தின்னும்னு வச்சுக்கலாம். உலர் தீவனம்னா, தண்ணி நீங்கலா மீதி இருக்கிற எடை. நல்லா கறக்கிற கலப்பின மாட்டுக்கு இது 3% வரை போகும். 300 கிலோ எடை உள்ள ஒரு பசுவுக்கு 7.5 கிலோ. நாலு மாடுன்னா தினம் 30 கிலோ, ஆறு மாடுன்னா 45 கிலோ.

இப்போ வகுத்துப் பாருங்க.

நாலு மாடு: 3,600 ÷ 30 = 120 நாள். ஜனவரி 1ல ஆரம்பிச்சா ஏப்ரல் 30 வரை தாங்கும்.

ஆறு மாடு: 3,600 ÷ 45 = 80 நாள். மார்ச் 21க்கு காலி. பங்குனி மாசம் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கோடை முழுசா பாக்கி.

காடு அதேதான், புல்லும் அதேதான். ரெண்டு மாடு கூடினதுல நாப்பது நாள் குறைஞ்சு போச்சு. இந்த நாப்பது நாள் எப்போ கண்ணுக்குத் தெரியும்னா, மார்ச் கடைசியில. அப்போ வைக்கோல் விலை ஏறியிருக்கும், மாடு மெலிஞ்சிருக்கும், பேரம் பேசுற பலம் நம்ம கையில இருக்காது. அதே விஷயத்தை ஜனவரி 1ஆம் தேதியே ஒரு தராசும் பேப்பரும் பேனாவும் சொல்லிடும்.

ஸ்டெப் 4: பற்றாக்குறைக்கு விலை போடுங்க

கோடை மழை ஏப்ரல்ல வரலாம், மே கடைசி வரை வராமலும் போகலாம். பட்ஜெட் போடும்போது தாமதமாகும்னே வச்சுக்கோங்க. ஜனவரி 1லேர்ந்து மே 31 வரை 151 நாள். ஆறு மாட்டுக்கு வேண்டியது 6,795 கிலோ. கையில இருக்கிறது 3,600. பற்றாக்குறை 3,195 கிலோ உலர் தீவனம்.

வைக்கோல்ல சுமார் 90% உலர் பொருள். அப்படின்னா 3,550 கிலோ வைக்கோல் வேணும். முன்கூட்டியே வாங்கி வச்சா மழை, கரையான், உதிர்றதுன்னு 10% வீணாகும்னு வச்சுப்போம். அப்போ சுமார் 4,000 கிலோ வாங்கணும்.

எப்போ வாங்கணும்? டெல்டாவுல சம்பா அறுவடை தை, மாசியில நடக்குது. வைக்கோல் வரத்து அதிகமா இருக்கிற காலம் அது. நம்ம பக்கத்து மானாவாரிச் சோளத்தட்டும் கிட்டத்தட்ட அப்பத்தான் கைக்கு வரும். ஜனவரி, பிப்ரவரியில கிலோ 6 ரூபாய், ஏப்ரல்ல 10 ரூபாய்னு ஒரு உதாரணம் எடுத்துப்போம். (உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க.)

இப்பவே வாங்கினா: 4,000 × 6 = 24,000 ரூபாய்.

ஏப்ரல்ல வாங்கினா: 3,550 × 10 = 35,500 ரூபாய். (அப்பப்போ வாங்குறதால சேதாரம் போடலை.)

"சார், ஜனவரியில 24,000 ரூபாய்க்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. 12% வட்டிக்கு நகைக்கடன் வாங்கி அஞ்சு மாசம் வச்சிருந்தாலும் வட்டி 1,200 ரூபாய்தான். மொத்தம் 25,200. அப்பவும் 10,000 ரூபாய்க்கு மேல மிச்சம். இன்னொரு விதமா சொல்றேன். இந்த உதாரணத்துல கோடை விலை கிலோவுக்கு சுமார் 7 ரூபாய் 10 காசுக்கு மேல போனாலே முன்கூட்டி வாங்கினது லாபம். 6 ரூபாய் வைக்கோல் கோடையில 7.10ஐத் தாண்டுமா தாண்டாதா? உங்க ஊர்ல விசாரிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க.

கிசான் கிரெடிட் கார்டுன்னா பயிருக்கு மட்டும்தான்னு பலர் நினைச்சுட்டு இருக்காங்க. 2018-19 பட்ஜெட்டுக்குப் பிறகு கால்நடை வளர்ப்பவங்களுக்கும் அது உண்டு. தீவனம் வாங்குற நடைமுறைச் செலவுக்கு 2 லட்ச ரூபாய் வரை வட்டி மானியத்தோட கிடைக்கும். சரியான தேதியில கட்டினா வட்டி 4% தான் விழும். அப்படிப் பார்த்தா 24,000 ரூபாய்க்கு அஞ்சு மாச வட்டி 400 ரூபாய்! தேதி தவறினா அந்தச் சலுகை போயிடும். அதனால கட்ட வேண்டிய தேதியை காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போடுங்க.

இன்னொண்ணையும் கவனிங்க. அதிகமா வாங்கிட்டா என்ன நஷ்டம்? ஏப்ரல்லயே மழை வந்துட்டா கொஞ்சம் வைக்கோல் மிஞ்சும். நனையாம போர் போட்டிருந்தா அது கெட்டுப் போகாது, பிறகு உதவும். குறைவா வாங்கிட்டா என்ன நஷ்டம்? உயர்ந்த விலை, மெலிஞ்ச மாடு, அவசர விற்பனை. ரெண்டு பக்கமும் நஷ்டம் சமமா இல்லை. இந்த மாதிரி நிலைமையில கொஞ்சம் கூடுதலா வாங்கி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம். எமர்ஜென்சி ஃபண்டுக்கு நான் எப்பவும் சொல்ற அதே லாஜிக்.

ஸ்டெப் 5: மாட்டை எப்போ விக்கணும்?

மனசுக்குக் கஷ்டமான பகுதி இதுதான். ஆனா தள்ளிப் போட்டா கஷ்டம் கூடும், குறையாது.

அதே காட்டுல நாலு மாடு மட்டும் இருந்தா மே 31 வரைக்கும் பற்றாக்குறை 930 கிலோதான். சேதாரத்தையும் சேர்த்தா சுமார் 1,150 கிலோ வைக்கோல், 6,900 ரூபாய். ஆறு மாட்டுக்கு 24,000. அப்படின்னா அந்த அஞ்சாவது, ஆறாவது மாட்டுக்கு மட்டும் இந்த அஞ்சு மாசத்துல சுமார் 17,000 ரூபாய் வைக்கோல் செலவு.

அந்த ரெண்டும் எந்த மாடுங்கிறதுதான் கேள்வி. வைகாசியில கன்னு போடப் போற இளம் பசுவா? 17,000 முதலீடு, தாராளமா வச்சுக்கோங்க. ரெண்டு மூணு தடவை ஊசி போட்டும் சினை நிக்காத மாடா, வீட்டு உபயோகத்துக்கு மேல இருக்கிற காளைக்கன்னா? அப்போ தையிலேயே முடிவெடுங்க. சந்தையில மாட்டோட உடம்பைப் பார்த்துத்தான் விலை சொல்றாங்க. தையில வயிறு நிறைஞ்சு மினுமினுன்னு நிக்கிற மாடும், சித்திரையில விலா எலும்பு தெரிய நிக்கிற அதே மாடும் ஒரே விலைக்குப் போகாது. அது மட்டும் இல்லாம, கோடை வறட்சியில எல்லாரும் ஒரே நேரத்துல மாட்டை ஓட்டிக்கிட்டு வருவாங்க.

இது எவ்வளவு தூரம் போகும்னு நாம கண்ணால பார்த்திருக்கோம். 2016ல தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62% குறைவா பெய்தது. 2017 ஜனவரியில அப்போ இருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்கள்னு அரசு அறிவிச்சது. தீவனக் கிடங்கு திறந்து மானிய விலையில வைக்கோல் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மாதிரி வருஷத்துல கார்த்திகை கடைசியிலேயே காட்டைப் பார்த்தா தெரிஞ்சுடும், இந்த வருஷம் டெபாசிட் விழலைன்னு. அன்னைக்கே எண்ணிக்கையைக் குறைச்சவங்களுக்கும் பங்குனி வரைக்கும் காத்திருந்தவங்களுக்கும் கைக்கு வர்ற காசு ஒண்ணா இருக்காது.

புல்லை வச்சே பற்றாக்குறையைக் குறைக்க சில வழிகள்

1. காட்டைப் பிரிச்சுப் பூட்டுங்க. 12 ஏக்கரையும் திறந்து விட்டா மாடு நல்ல புல்லைத் தேடித் தேடித் தின்னும், மீதியை மிதிச்சே வீணாக்கும். நாலு நாலு ஏக்கரா மூணு காடா பிரிங்க. ஐப்பசி, கார்த்திகையிலேயே ஒரு காட்டை மேய்க்காம பூட்டிடுங்க. அது காய்ந்து நிக்கிற புல்லா மாசி, பங்குனிக்கு உதவும். உங்க எஃப்.டி.ன்னு நினைச்சுக்கோங்க. முதிர்வு தேதிக்கு முன்னாடி உடைக்காதீங்க.

2. பூட்டுற காட்டை வருஷா வருஷம் மாத்துங்க. மேய்க்காம விட்ட காட்டுல கதிர் முத்தி விதை உதிரும். மூணு வருஷத்துல மூணு காட்டுக்கும் ஒரு தடவை விதை விழுந்துடும். வருஷா வருஷம் கதிர் வர்றதுக்கு முன்னாடியே மேய்ஞ்சுட்டா தூர் வயசாகி செத்துப் போகும், இடத்தை முள்ளும் களையும் பிடிச்சுக்கும். புதுசா விதைக்கணும்னா இன்னொரு விஷயம்: அறுத்த உடனே கொழுக்கட்டை விதை சரியா முளைக்காது. சில மாசம் உறக்கத்துல இருக்கும். போன வருஷத்து விதையா பார்த்து வாங்குங்க.

3. வைக்கோலைக் கடைசிக்குன்னு வைக்காதீங்க. பலர் செய்றது இது: புல் தீரும் வரை புல், தீர்ந்த பிறகு வெறும் வைக்கோல். கணக்குப்படி பார்த்தா இது சரியில்லை. வைக்கோல்ல புரதம் 3-4% தான் இருக்கும். மாட்டோட வயித்துல தீவனத்தைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு சுமார் 7% புரதமாவது வேணும். அது இல்லைன்னா மாடு வயிறு நிறையத் தின்னாலும் மெலியும். அதனால தையிலேர்ந்தே மாட்டுக்குத் தினம் 4 கிலோ வைக்கோல், மீதி மேய்ச்சல்னு கலந்து கொடுங்க. நம்ம ஆறு மாட்டு உதாரணத்துல இந்த அளவு மே கடைசி வரை கரெக்டா வரும்.

4. புரதத்தைக் கொஞ்சமா சேருங்க. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, அகத்தி, வேலிமசால் இப்படி எது மலிவோ அது. வெள்வேல மரம் கோடையில காய் உதிர்க்கும். அதைப் பொறுக்கி வச்சா காசில்லாத தீவனம். இதுக்காகத்தான் பெரியவங்க மரத்தை வெட்டாம விட்டிருக்காங்க. சூபாபுல் தழையை மட்டும் அளவோட கொடுங்க, மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். தாது உப்புக் கலவை பெரிய மாட்டுக்குத் தினம் 30-50 கிராம்.

5. யூரியா வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, காத்து புகாம 21 நாள் மூடி வச்சு, பிறகு ஆற விட்டுக் கொடுக்கிற முறை இது. சத்து கூடும். ஆனா அளவு மாறினா விஷம். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கன்னுக்குக் கொடுக்கவே கூடாது. முதல் தடவை உங்க கால்நடை மருத்துவர் பக்கத்துல இருந்து செய்யச் சொல்லிக் கத்துக்கோங்க.

6. சோளத்துல ஒரு எச்சரிக்கை. மழை இல்லாம வாடி நிக்கிற இளஞ்சோளத்துல மாட்டை விடாதீங்க. அதுல உண்டாகிற நஞ்சு சில நிமிஷத்துலயே மாட்டைச் சாய்ச்சுடும். பூத்த பிறகு அறுத்து, காய வச்சுக் கொடுங்க. ஒரு மாடு போனா இந்தப் பட்ஜெட்ல மிச்சம் பிடிச்சது அத்தனையும் போச்சு.

தீவனம் வாங்கும்போது ஏமாறாம இருக்க

பச்சைத் தீவனம் கிலோ 3 ரூபாய், சைலேஜ் 8 ரூபாய், வைக்கோல் 6 ரூபாய், சோளத்தட்டு 8 ரூபாய்னு வச்சுப்போம். எது மலிவு? பார்த்த உடனே பச்சைத் தீவனம்னு தோணும். ஆனா நாம காசு கொடுக்கிறதுல தண்ணி எவ்வளவுன்னு பார்க்கணும். உலர் எடைக்கு விலை போட்டா:

பச்சை கம்பு நேப்பியர் (20% உலர் பொருள்): 3 ÷ 0.20 = கிலோ 15 ரூபாய்

சைலேஜ் (32%): 8 ÷ 0.32 = கிலோ 25 ரூபாய்

வைக்கோல் (90%): 6 ÷ 0.90 = கிலோ 6.67 ரூபாய்

சோளத்தட்டு (90%): 8 ÷ 0.90 = கிலோ 8.89 ரூபாய்

அதுக்காக வைக்கோலே போதும்னு அர்த்தம் இல்லை. சைலேஜ்ல சத்து அதிகம், நிறையக் கறக்கிற மாட்டுக்கு அது ஈடு கட்டும். கறக்காத மாட்டுக்கு சைலேஜ் போடுறது வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போக விமான டிக்கெட் எடுக்கிற மாதிரி. வயித்தை நிரப்ப மலிவான நார், சத்துக்கு அளவான புண்ணாக்கு. இந்தக் கலவைதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

அப்புறம், வைக்கோலைக் கட்டுக் கணக்குல வாங்காதீங்க. ஒரு கட்டு 90 ரூபாய்னு சொல்வாங்க. கட்டு 15 கிலோ இருந்தா கிலோ 6 ரூபாய். 12 கிலோ இருந்தா 7 ரூபாய் 50 காசு. விலை ஏத்தினதே தெரியாம 25% ஏறிடும். லாரியை எடை மேடையில ஏத்தி இறக்குங்க. ரசீதை வாங்கி வச்சுக்கோங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவு

மெலிஞ்ச மாடு சினைக்கு வராது, வந்தாலும் நிக்காது. ஒரு பருவம் தவறினா அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்கணும். அந்த 21 நாளும் மாடு சும்மா இருக்காது. தினம் 7.5 கிலோ வீதம் 157 கிலோ உலர் தீவனத்தைத் தின்னும். ரெண்டு மூணு பருவம் தவறினா அடுத்த கன்னும், அடுத்த கறவையும் மாசக்கணக்குல தள்ளிப் போகும். இது எந்த நோட்டுலயும் எழுதப்படாத செலவு. ஆனா பண்ணை ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல மூடுறவங்க கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா இந்த மாதிரி எழுதாத செலவுதான் வரிசையா நிக்கும்.

வரி விஷயம் ரெண்டு வரி

"விவசாயம்தானே, வரி இல்லை"ன்னு பலர் நம்பிக்கிட்டு இருக்கீங்க. நிலத்துல உழைச்சு விளைய வச்சதுதான் விவசாய வருமானம். பால் விற்ற வருமானம் விவசாய வருமானம் இல்லை, அது தொழில் வருமானம். மாடு உங்க சொந்தக் காட்டுப் புல்லையே தின்னாலும் அப்படித்தான். வருமானம் வரம்பைத் தாண்டினா ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும். அதனால தீவன ரசீது, மருந்துச் செலவு, கூலி எல்லாத்தையும் எழுதி வைங்க. இன்னொண்ணு, தொழிலுக்காக வச்சிருக்கிற மாடு செத்துட்டாலோ, நிரந்தரமா பயனில்லாம போயிட்டாலோ, அதை வாங்கின விலையில கிடைச்ச தொகை போக மீதியைச் செலவாக் காட்ட வழி இருக்கு. வாங்கின ரசீதே இல்லைன்னா எந்த ஆடிட்டராலயும் உதவ முடியாது.

காலண்டர்ல குறிச்சு வைக்க நாலு தேதி

கார்த்திகை கடைசி: மழை எவ்வளவு, காடு எப்படின்னு ஒரு சுத்து பார்க்கிற நாள். பூட்டின காடு பூட்டியே இருக்கணும்.

தை 1: சட்டம் போட்டு எடை. எத்தனை நாள் தாங்கும்னு வகுத்து, வீட்டுல எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவத்துல எழுதுங்க. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டும்போதே எது இருக்கணும், எது போகணும்னு பேசி முடிச்சுடுங்க.

மாசி 1: வைக்கோல், தட்டு வாங்கி போர் போட்டு முடிஞ்சிருக்கணும்.

பங்குனி 1: மறுபடி எடை. கணக்கைவிட வேகமா தீர்ந்தா வைக்கோலைக் கூட்டுங்க, காட்டை ஒட்ட மேய விடாதீங்க.

ஊர்ல அப்பா அம்மா மாடு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாதுன்னு நினைச்சுப் பாடம் எடுக்கப் போயிடாதீங்க. காட்டை ஒரு பார்வை பார்த்தே "இது பங்குனி தாண்டாது"ன்னு சொல்ற கண்ணு அவங்களுக்கு இருக்கு. அவங்ககிட்ட இல்லாதது தை மாசத்துல கையில 24,000 ரூபாய். நீங்க சித்திரையில அவசரத்துக்கு அனுப்பப் போற 35,000க்குப் பதிலா, தையிலேயே 24,000 அனுப்பிடுங்க. உங்களுக்கும் லாபம், மாட்டுக்கும் லாபம், அவங்களும் உங்ககிட்ட கை நீட்ட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை உங்க ஏக்கர், உங்க மாட்டு எண்ணிக்கை, உங்க ஊர் விலை போட்டுப் பார்க்கிற மாதிரி எக்செல் ஷீட்டா செஞ்சு வீடியோவுக்குக் கீழே கொடுத்திருக்கேன். உங்க காட்டுல சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் வந்ததுன்னு எழுதுங்க. அடுத்த பதிவுல மாட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா வேண்டாமான்னு இதே மாதிரி கணக்கு போட்டுப் பார்ப்போம்.